லோகோவைத் தாண்டாத ஸ்டிக்

டிவியின் பின்னால் செருகியிருக்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒரு நாள் லோகோவைத் தாண்ட மறுக்கிறது. திரையில் நிறுவனத்தின் பெயர் வருகிறது, சில நொடிகள் நிற்கிறது, இருட்டாகிறது, மறுபடி அதே பெயர். நடுவே ஒரு தடவை அப்டேட் நடப்பதாக ஓர் அறிவிப்பும் நகரும் கோடும் தெரிகின்றன. கோடு பாதி தூரம் போனதும் திரை அணைந்து லோகோவுக்கே திரும்பிவிடுகிறது. வீட்டில் உடனே இரண்டு தீர்ப்புகள் எழும். அப்டேட் கெடுத்துவிட்டது என்பது ஒன்று. ஃபேக்டரி ரீசெட் அடித்தால் சரியாகிவிடும் என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். அப்டேட்டின்போது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும் ஸ்டிக்கில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதற்குப் போய்ச் சேரும் மின்சாரத்தை. மென்பொருளின் முறை அதற்குப் பிறகுதான். கேபிளையும் சார்ஜரையும் மாற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், அதனால் எதுவும் அழியாது, தவறாகப் போனால் பழைய கேபிளையே திரும்பச் செருகிக்கொள்ளலாம். ரீசெட் அப்படியல்ல. அடித்துவிட்டால் திரும்ப வழியில்லை.

மின்சாரத்தின் மேல் ஏன் இவ்வளவு சந்தேகம்? ஸ்டிக் என்பது உள்ளே முழுக் கணினி. படம் பார்க்கும்போது அதன் வேலை ஒரே சீராக நடக்கும்; வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருப்பதால் பிராசசர் பெரிதாகத் திணறுவதில்லை. அப்டேட்டின் கதை வேறு. இறங்கிய கோப்பை விரிக்க வேண்டும், சரிபார்க்க வேண்டும், உள் சேமிப்பில் நூற்றுக்கணக்கான எம்.பி. அளவுக்கு எழுத வேண்டும், எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டும். பிராசசரும் சேமிப்புச் சிப்பும் வைஃபையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும் தருணங்கள் அங்கே உண்டு. அந்தத் தருணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாவிட்டால் வோல்டேஜ் விழும். ஒரு வரம்புக்குக் கீழே விழுந்ததும், பாதி உயிரோடு தவறாக எழுதிவிடாமல் இருக்க, சிப் தன்னையே அணைத்துப் புதிதாகத் தொடங்கும். தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து அப்டேட்டைத் தொடரப் பார்க்கும். மறுபடி உச்சம், மறுபடி வீழ்ச்சி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அப்டேட்தான் ஸ்டிக்கைக் கொல்வதாகத் தெரியும். உண்மையில், பட்டினியாகக் கிடக்கும் ஒன்றின் தலையில் அப்டேட் மூட்டையை ஏற்றுகிறது, அவ்வளவே.

பட்டினி எங்கிருந்து வருகிறது என்பதற்கு டிவியின் பின்பக்கத்தைப் பார்த்தால் போதும். பல வீடுகளில் ஸ்டிக்கின் மின் கேபிள், தனிச் சார்ஜருக்குப் போகாமல், டிவியிலேயே இருக்கும் யு.எஸ்.பி. போர்ட்டில் செருகப்பட்டிருக்கும். பிளக் பாயிண்ட் மிச்சம், வயர் தொங்காது, பார்க்கவும் அழகு. ஆனால் யு.எஸ்.பி. 2.0 தரம் ஒரு போர்ட்டுக்கு விதித்திருக்கும் அளவு 500 மில்லி ஆம்பியர்தான். 5 வோல்ட்டில் கணக்கிட்டால் 2.5 வாட். பென் டிரைவுக்கும் கீபோர்டுக்கும் வகுத்த அளவு அது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கோடு பெட்டியில் வரும் அடாப்டரோ 5 வாட், அதாவது இரண்டு மடங்கு. கூகுள் டிவியோடு வந்த 4கே குரோம்காஸ்ட்டுக்கு 7.5 வாட் அடாப்டர், மூன்று மடங்கு. ரோக்கு ஸ்டிக்குகளில் மின்சாரம் போதவில்லை என்பதைச் சொல்லவே ஒரு சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு சில ரூபாயைக்கூட மிச்சம் பிடிக்கப் பார்க்கும் தொழிலில், பெட்டிக்குள் தனி அடாப்டரையும் வைத்து, எச்சரிக்கை விளக்கையும் பொருத்துகிறார்கள் என்றால், டிவி போர்ட் எல்லா நேரமும் போதாது என்பது செய்கிறவர்களுக்கே தெரியும் என்றுதான் பொருள். சில டிவிகளில் ஒரு போர்ட்டின் பக்கத்தில் ஹார்டு டிஸ்க்குக்கென்று குறித்து 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பரவாயில்லை. எதுவும் அச்சிடாத போர்ட்டை அரை ஆம்பியர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜர் சரியாக இருந்தும் ரீஸ்டார்ட் நிற்காத வீடுகளில் அடுத்த குற்றவாளி கேபிள். இதை எளிய கணக்கால் காட்டலாம். மலிவான கேபிள்களுக்குள் ஓடும் 28 கேஜ் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். 2 மீட்டர் கேபிள் என்றால், மின்சாரம் போக இரண்டும் திரும்பி வர இரண்டுமாக 4 மீட்டர் கம்பி. மொத்தத் தடை 0.85 ஓம். ஸ்டிக் 0.4 ஆம்பியர் இழுத்துக்கொண்டு படம் காட்டும்போது கேபிளிலேயே தொலைவது 0.34 வோல்ட். மறுமுனைக்கு 4.66 வோல்ட் வந்து சேரும், ஓடிவிடும். அதே ஸ்டிக் ஒரு கணம் 1 ஆம்பியர் இழுத்தால் தொலைவது 0.85 வோல்ட், சேர்வது 4.15. யு.எஸ்.பி. 2.0 தரம், குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கருவிக்கே 4.4 வோல்ட்டாவது போய்ச் சேர வேண்டும் என்கிறது. தடித்த 24 கேஜ் கம்பியாக இருந்தால் அதே நீளத்தில், அதே 1 ஆம்பியரில், 4.66 கிடைத்திருக்கும். கணக்கின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரே கேபிள் படம் பார்க்கப் போதுமானதாகவும் அப்டேட்டுக்குப் போதாததாகவும் இருக்க முடியும். “நேற்று ராத்திரி வரைக்கும் நன்றாகத்தானே ஓடியது” என்ற வாதம் ஏன் மின்சாரத்தை விடுதலை செய்யாது என்பதற்கு இதுவே பதில்.

அந்த வாதத்தின் வலுவான வடிவம் இன்னொன்று உண்டு. இரண்டு வருடமாக இதே டிவி போர்ட், இதே கேபிள். எத்தனையோ அப்டேட் வந்து போயிற்று. இப்போது மட்டும் என்ன? கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு வருடத்தில் எதுவும் மாறவில்லை என்ற அதன் அடிப்படை சரியில்லை. பின் செருகும் இடத்தில் தூசியும் ஆக்சைடும் படியும். டிவியை நகர்த்தும்போதெல்லாம் கேபிளின் கழுத்து மடங்கி உள்ளே சில இழைகள் அறுந்திருக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இதை விரைவுபடுத்தும். சேமிப்புச் சிப்பில் இடம் நிறைய நிறைய ஒவ்வொரு எழுத்துக்கும் அதிக வேலை செய்ய வேண்டிவரும். புதிய மென்பொருள் பழையதைவிடக் கனமாக இருப்பதும் வழக்கம். ஓரத்திலேயே நடந்துகொண்டிருந்த ஒன்று ஒரு நாள் விளிம்பைத் தாண்டியது. கடைசியாகக் கூடிய பளு அப்டேட்டுடையது என்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

ஆகவே முதல் வேலை: பெட்டியில் வந்த அடாப்டரையும் அதோடு வந்த கேபிளையும் தேடி எடுத்து, நேராகச் சுவர் பாயிண்ட்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் தளர்ந்த துளை வேண்டாம். பெட்டியில் வந்தவை கிடைக்காவிட்டால் வீட்டிலுள்ள நல்ல ஃபோன் சார்ஜரும், ஒரு மீட்டருக்கு மேற்படாத தடித்த கேபிளும் போதும். ஃபோனை வேகமாக ஏற்றும் 33 வாட், 65 வாட் சார்ஜர் ஸ்டிக்கைக் கருக்கிவிடாதா என்று பலர் தயங்குகிறார்கள். கருக்காது. வாட் என்பது சார்ஜரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதன் அளவு. எவ்வளவு இழுப்பது என்பதை ஸ்டிக்தான் தீர்மானிக்கிறது. தண்ணீர்த் தொட்டி பெரிது என்பதற்காகக் குழாயில் தானாக வெள்ளம் வருவதில்லை. ஆபத்து வோல்டேஜில்தான் இருக்க முடியும். வேகச் சார்ஜர்களோ எதிர்முனையிலிருக்கும் கருவி கேட்டால்தான் 9 வோல்ட்டுக்கோ 12 வோல்ட்டுக்கோ உயரும். கேட்காதவரை 5 வோல்ட்டிலேயே நிற்கும். தரமான சார்ஜர் என்ற நிபந்தனை மட்டும் கட்டாயம். சாலையோரத்தில் வாங்கிய பெயரில்லாத சார்ஜரின் மேல் 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம்.

மின்சாரத்தை மாற்றிச் செருகிய பிறகு, கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். இந்தக் கட்டத்தில் கவனமாகப் பார்ப்பதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை. ஃபோனில் நேரம் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றும் எத்தனை நொடி, எந்த இடத்தில் விழுகிறது என்று நான்கைந்து சுற்றுகளுக்கு எழுதுங்கள். ஒரு தடவை லோகோவில், ஒரு தடவை அனிமேஷனில், ஒரு தடவை முகப்புத் திரை வரை வந்து என்று இடம் மாறி மாறி விழுந்தால் காரணம் பெரும்பாலும் மின்சாரம் அல்லது சூடு. ஒவ்வொரு தடவையும் நொடி பிசகாமல் ஒரே இடத்தில் விழுந்தால் காரணம் மென்பொருள் அல்லது சேமிப்புச் சிப். கணினி ஒரே கோப்பை ஒரே வரிசையில் படித்துக்கொண்டு வருகிறது. அந்தக் கோப்பு கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அதே கல்லில்தான் இடறும். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது. வைஃபை உயிர் பெறும் கணம் போன்ற மின் உச்சங்களும் ஒவ்வொரு துவக்கத்திலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வரும் என்பதால், மின்சாரக் குறைவும் சில சமயம் ஒரே இடத்தில் வீழ்த்தும். அதனால்தான் கேபிளையும் சார்ஜரையும் மாற்றிய பிறகு இந்தப் பதிவை எடுக்கச் சொன்னேன். மாற்றுவதற்கு முன் எடுத்தால் அது இரு பக்கமும் சாட்சி சொல்லும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது பொறுமையும் வேண்டும். அப்டேட்டுக்குப் பிந்தைய முதல் துவக்கம் வழக்கத்தைவிட நீளும். செயலிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் தயார்ப்படுத்தும் வேலை அப்போது நடக்கும். லோகோ அசையாமல் நிற்கிறது என்பதும், லோகோ வந்து வந்து மறைகிறது என்பதும் வேறு வேறு நோய்கள். அசையாமல் நின்றால் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே பிளக்கைப் பிடுங்குவதுதான் நல்ல அப்டேட்டைக் கெட்ட அப்டேட்டாக மாற்றும் செயல். பழைய முறையில் அப்டேட் செய்யும் கருவிகள் ஓடுகிற மென்பொருளின் மேலேயே புதியதை எழுதுகின்றன. அங்கே நடுவில் மின்சாரம் போனால் காயம் படும். 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்த முறையில் சேமிப்பில் இரண்டு தடங்கள் உண்டு: ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும், மற்றொன்றில் புதியது எழுதப்படும், புதியது சரியாக எழவில்லை என்றால் கருவி பழைய தடத்துக்கே திரும்பிக்கொள்ளும். இந்த இரட்டைத் தடம் உள்ள கருவியைச் சில சுற்றுகள் தானாக விழுந்து எழ விடுவது நல்லது. அது தன் வழியைத் தேடிக்கொண்டிருக்கிறது. நம் கருவியில் எந்த முறை என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால் இரண்டுக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்றுதான்: நல்ல மின்சாரம் கொடு, நடுவில் பிடுங்காதே.

நெட் பாதியில் போனதால்தான் இந்தக் கதி என்று சொல்பவர்களும் உண்டு. இறங்கும் கோப்பில் நிறுவனத்தின் மின்னணுக் கையொப்பம் இருக்கும். அதைக் கொண்டு கோப்பு முழுமையாகவும் மாறாமலும் இருக்கிறதா என்று சோதித்த பிறகே நிறுவுதல் முடிவடையும். பாதி இறங்கிய கோப்பு நிராகரிக்கப்படும் அல்லது மீதியை இறக்கிக்கொள்ளும். வைஃபை தடுமாறினால் அப்டேட் தாமதமாகும், தோற்கும். அதனால் மட்டுமே ஸ்டிக் லோகோவில் சுற்றாது. ரவுட்டரை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

மின்சாரம் சரி, இன்னும் சுற்றுகிறது என்றால் அடுத்து சூடு. டிவியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே, காற்று நுழையாத இடுக்கில், நம் ஊர் மே மாதத்தில் ஸ்டிக் படும் பாடு கொஞ்சமல்ல. சூட்டால் வரும் ரீஸ்டார்ட்டின் அடையாளம் தெளிவு: ஆறிய நிலையில் போட்டால் நீண்ட நேரம் ஓடும், அணைந்த பின் உடனே போட்டால் சீக்கிரம் விழும். பெட்டியில் வரும் குட்டி எச்.டி.எம்.ஐ. நீட்டிப்பு வயரை அலட்சியம் செய்யாமல் பயன்படுத்துங்கள். அது ஸ்டிக்கை டிவியின் சூட்டிலிருந்து சற்று வெளியே கொண்டுவரும். ஹப், பென் டிரைவ், லேன் அடாப்டர் என்று ஸ்டிக்கோடு எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் கழற்றிவிடுங்கள். அவையும் அதே மின்சாரத்தில்தான் பங்கு கேட்கின்றன. பிறகு வேறொரு டிவியில் செருகிப் பாருங்கள். சில சமயம் ஸ்டிக் ரீஸ்டார்ட் ஆகவே இல்லை. அப்டேட்டுக்குப் பின் அது அனுப்பும் படத்தின் ரெசல்யூஷனை டிவி ஏற்க மறுத்து, படம் வந்து வந்து போவதே ரீஸ்டார்ட் போலத் தெரிகிறது. ஃபயர் டிவியில் மேல் அம்புக்குறியையும் ரீவைண்ட் பொத்தானையும் சேர்த்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் ரெசல்யூஷன்கள் ஒவ்வொன்றாக மாறி வரும். படம் நிற்கும் இடத்தில் தேர்ந்துகொள்ளலாம்.

இத்தனையும் செய்த பிறகுதான் ரீசெட் பற்றிப் பேச வேண்டும். அதன்மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கைக்குக் காரணம் அந்தப் பெயர். ‘ஃபேக்டரி’ என்றதும் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்கே எல்லாம் திரும்பிவிடும் என்று தோன்றுகிறது. திரும்பாது. அது அழிப்பது உங்கள் பங்கை மட்டும்: செயலிகள், கணக்குகள், அமைப்புகள், வைஃபை கடவுச்சொல். புதிதாக ஏறிய இயங்குதளம் அப்படியே இருக்கும். அப்டேட்தான் கெட்டது என்று நம்புகிறவருக்கு ரீசெட்டால் என்ன லாபம்? கெட்டதாக அவர் கருதும் அந்தப் பதிப்பே ரீசெட்டுக்குப் பிறகும் ஓடப்போகிறது. பட்டினியில் தள்ளாடும் ஸ்டிக்கில் ரீசெட் அடிப்பதோ இன்னும் மோசம். அழிப்பதும் திரும்ப எழுதுவதும் மற்றொரு கனமான வேலை, அதன் நடுவிலேயே மின்சாரம் விழலாம்.

உண்மையிலேயே நிறுவனத்தின் பக்கம் தவறிருந்த ஒரு நிகழ்வு இந்த வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றும். 2025 மார்ச் 9 அன்று உலகெங்கும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகளும் குரோம்காஸ்ட் ஆடியோவும் ஃபோனிலிருந்து எதையும் ஏற்க மறுத்தன. கருவியின் நம்பகத்தன்மையை உறுதிசெய்ய முடியவில்லை என்ற செய்தி மட்டும் வந்தது. பத்தாண்டுக் காலத்துக்கு வழங்கப்பட்ட ஒரு மின்னணுச் சான்றிதழ் அன்று காலாவதியாகியிருந்தது. அது ரீஸ்டார்ட் சுழல் அல்ல, ஆனால் பாடம் இங்கேயும் பொருந்தும். கூகுள் கொடுத்த முதல் அறிவுரைகளில் ஒன்று, ரீசெட் செய்யாதீர்கள் என்பது. சில நாட்களில் திருத்தம் தானாக வந்து சேர்ந்தது. பொறுத்திருந்தவர்களின் கருவிகள் கை படாமலே உயிர்த்தன. அவசரப்பட்டு ரீசெட் அடித்தவர்களோ கருவியைப் புதிதாக அமைக்கக்கூட முடியாமல் இன்னொரு திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. தவறு மென்பொருளில் இருந்தாலும் ரீசெட் முதல் மருந்தாகாது.

அப்படியானால் எப்போது? சுழல் ஒரே இடத்தில் விழுகிறது, முகப்புத் திரை வரை வந்து விழுகிறது, மின்சாரமும் சூடும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவை என்றால் ரீசெட்டுக்கு நியாயம் இருக்கிறது. ஏதோ ஒரு செயலியின் கெட்ட தரவோ, நிரம்பி வழியும் சேமிப்போ அங்கே காரணமாக இருக்கலாம். மொத்தமே 8 ஜி.பி. உள்ள ஸ்டிக்குகளில் இயங்குதளம் எடுத்தது போக நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ பாதிதான் என்பதால் அது நிரம்புவது அரிதல்ல. திரை வரை வரும் இடைவெளி கிடைத்தால், ரீசெட்டுக்கு முன் பெரிய செயலிகள் இரண்டை நீக்கிப் பாருங்கள். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், அமைப்பு சில நிமிடங்களுக்குள் பல தடவை விழுந்தால் தானாகவே படிப்படியாக மீட்புக்கு முயலும் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் படிகளின் கடைசியில்தான் எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று கேட்கும். இயங்குதளத்தை எழுதியவர்களே ரீசெட்டைக் கடைசிப் படியில்தான் வைத்திருக்கிறார்கள். ஃபயர் டிவியில் பின்செல்லும் பொத்தானையும் வட்டத்தின் வலப்பக்கத்தையும் சேர்த்துப் பத்து நொடி அழுத்தினால் ரீசெட் திரை வரும். ரிமோட் புளூடூத்தில் பேசுவது; ஸ்டிக் ஓரளவாவது எழுந்திருந்தால்தான் அதன் காதில் விழும் என்பதை நினைவில் வையுங்கள். கூகுள் டிவி குரோம்காஸ்ட்டில் முதுகிலேயே பொத்தான் இருக்கிறது: மின்சாரம் ஓடும்போதே அழுத்திப் பிடித்து, மஞ்சள் விளக்கு மின்னி, வெள்ளையாக நிலைத்ததும் விட வேண்டும்.

ரீசெட் முடிந்ததாகச் சொல்லிவிட்டு, எழுந்ததும் பழைய செயலிகளும் பழைய கணக்கும் அப்படியே இருந்தால் அதுவே முக்கியமான சாட்சி. சேமிப்புச் சிப் தேய்ந்துபோய், படிக்க மட்டும் விடும், எழுத விடாது என்ற நிலைக்குப் போயிருக்கிறது. அப்டேட் ஒவ்வொரு தடவையும் தோற்றுச் சுழன்றதற்கும் அதுவே காரணம். இதற்கு வீட்டில் மருந்தில்லை. இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த மென்பொருள் கோப்பைத் தேடி எழுத முயலாதீர்கள்; பெயர்பெற்ற ஸ்டிக்குகளின் பூட்டிய துவக்க நிரல் கையொப்பமில்லாததை ஏற்காது, பெயரில்லாத பெட்டிகளிலோ ஒரே வெளிக்கூட்டுக்குள் வேறு வேறு போர்டுகள் இருக்கும் என்பதால் தவறான கோப்பு மிச்ச உயிரையும் எடுத்துவிடும். வாங்கிய ரசீதைப் பாருங்கள். ஓராண்டு வாரண்ட்டிக்குள் இருந்தால், நீங்கள் எழுதிவைத்த நொடிக் கணக்கும், மூன்று சுற்றுகளைக் காட்டும் ஒரு ஃபோன் வீடியோவும், எந்த அடாப்டரில் சோதித்தீர்கள் என்ற விவரமும் கையிலிருக்கட்டும். பிளக்கைக் கழற்றிச் செருகினீர்களா, வேறு கேபிள் போட்டீர்களா என்று வாடிக்கையாளர் சேவையில் வரிசையாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் தேதியோடு பதில் இருந்தால் மாற்றுக் கருவி பற்றிய பேச்சுக்கு விரைவில் போய்விடலாம்.

பிழைத்து எழுந்த ஸ்டிக்கைத் திரும்பவும் டிவி போர்ட்டில் செருகாதீர்கள். டிவியை அணைத்ததும் பல டிவிகளில் அந்தப் போர்ட்டும் சேர்ந்து அணையும். ஸ்டிக்குகளோ யாரும் பார்க்காத நேரம் பார்த்துத்தான் அப்டேட்டை எடுக்கும். படுக்கப் போகும்போது மெயின் சுவிட்சை அணைக்கும் பழக்கமுள்ள வீட்டில், ரிமோட்டில் அமைப்புகளுக்குப் போய், அப்டேட் இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை பகலிலேயே தேடி, மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்து நிறுவிவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் ஸ்டிக்கின் சார்ஜரை அதன் லைனில் வரும் பாயிண்ட்டில் போடுங்கள். டிவி அந்த லைனில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்டிக் இழுப்பது ஒரு குட்டி எல்.இ.டி. பல்பின் அளவுதான்.